60 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 2000 வாட்ஸ் அம்ப் தேவையா? வாகன் ஆர் ஸ்ரிங்கிரேக்கு ஆலோசனை வேண்டும்

கொக்குவில் ஸ்ரிங்கிரே

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஹைபிரிட் வாகன் ஆர் ஸ்ரிங்கிரே. யப்பானில் இருந்து வந்த செற்றில் எஃப்எம் 90க்கு மேலே போகாது என்பதால் அதைக் கழற்றிவிட்டு வேறு செற் போட்டேன். அதில் தொடங்கிய விசர் இன்னும் நிற்கவில்லை. முன் கதவுகளுக்கு ஆறரை இஞ்சி கொம்போனன்ட் ஸ்பீக்கர் (கீழ்ச் சுருதிக்கு வூபர், மேல் சுருதிக்கு ட்வீட்டர் என்று தனித்தனியாக வருவது) ஒரு சோடி பூட்டியாயிற்று. பெட்டியில் 280 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. மூலையில் சின்னதாக ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வலு) 60 வாட்ஸ், 4 ஓம், 89 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். பின்னுக்கு 40 வாட்ஸ் ஆர்எம்எஸ் சோடி.

செற்றின் முகப்பில் "50 வாட்ஸ் × 4" என்று இருக்கிறது. ஆனால் வொலியூமைக் கூட்டினால் பாட்டு கரகரக்கிறது. நகரத்தில் ஒரு கடையில் விசாரித்தபோது 2000 வாட்ஸ் நாலு சனல் அம்ப் (அம்ப்ளிபயர்) ஒன்றைக் காட்டினார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஒரு நண்பன் "ஸ்பீக்கர் எரிந்துவிடும், சின்ன அம்ப் எடு" என்கிறான். இன்னொருவன் "சின்ன அம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும், பெரிசாக எடு" என்கிறான். இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை. யார் சொல்வது சரி?

சோல்டர் அண்ணை

தம்பி, அந்த 2000 வாட்ஸ் அம்பின் பக்கத்தில், பற்றரி வயர் பூட்டும் இடத்துக்குக் கிட்ட பியூஸ் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொக்குவில் ஸ்ரிங்கிரே

அண்ணை, கடையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பியூஸ் இரண்டு. ஒவ்வொன்றிலும் 20 என்று இருக்கிறது.

சோல்டர் அண்ணை

அப்போ கணக்கு முடிந்தது. இரண்டும் சேர்த்து 40 அம்பியர். வாகனம் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்தால் அம்புக்குள் தொடர்ந்து போகக்கூடியது 540 வாட்ஸ். அது ஏபி வகை அம்ப் என்றால் அதில் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலேதான் ஸ்பீக்கருக்கு வரும், மீதி சூடாகப் போய்விடும். நாலு சனலுக்கும் சேர்த்து 300 வாட்ஸ் தேறினால் பெரிய காரியம். 2000 வாட்ஸ் உண்மையில் வரவேண்டுமென்றால் அம்ப் 200 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். உங்கள் வாகன் ஆரின் முழு மின்சாரத்தையும் கொடுத்தாலும் போதாது.

பியூஸ் சொல்வது மேல் எல்லையை மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். 40 அம்பியர் பியூஸ் போட்டுவிட்டு உள்ளே சின்ன ட்ரான்ஸ்போமரும் நாலு ட்ரான்சிஸ்டரும் வைத்த அம்புகள் என் மேசைக்கு வருகின்றன. பியூஸ் சின்னதாக இருந்து வாட்ஸ் பெரிதாக இருந்தால் பொய் நிச்சயம். பியூஸ் பெரிதாக இருந்தால் உண்மை என்று அர்த்தமில்லை.

அறிவியல்நகர் மாணவி

செற்றின் "50 வாட்ஸ் × 4" எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செற்றுக்குள் இருக்கும் அம்ப் சிப்புக்கு வோல்ட்டைக் கூட்டிக்கொடுக்கும் பகுதி இல்லை. பற்றரியில் இருந்து வரும் 14.4 வோல்ட்டுக்குள்தான் அது எல்லாவற்றையும் செய்ய வேண்டும். 14.4 ஐ 14.4 ஆல் பெருக்கி 4 ஓமால் பிரித்தால் 51.8. இதுதான் அந்த 50. ஆனால் இது அலை முழுவதும் மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட நிலையில் கிடைக்கும் வலு. அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது.

ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதி, 26 வாட்ஸ். ட்ரான்சிஸ்டரில் விழும் வோல்ட்டைக் கழித்தால் இன்னும் கீழே. பயனியர் செற் கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். தொடர்ச்சியான வலு 22 வாட்ஸ் × 4 என்று அவர்களே எழுதியிருப்பார்கள், அதுவும் 5 வீத சிதைவுடன். மற்றக் கொம்பனிச் செற்றுகளும் பெரும்பாலும் இதே எல்லைக்குள்தான், 14.4 வோல்ட் எல்லாருக்கும் ஒன்றுதானே. சிதைவு இல்லாமல் கேட்க நினைத்தால் 15 வாட்ஸ் அளவு என்று வையுங்கள்.

ஆகவே நீங்கள் கேட்கிற கரகரப்பு ஸ்பீக்கரின் குறை இல்லை. செற் தன் எல்லையைத் தாண்டிவிட்டது.

பருத்தித்துறை றூட்

தங்கச்சி, கணக்கு நல்லாயிருக்கிறது. ஆனால் நான் பஸ் ஓடுகிறவன். என்ஜின் சத்தம், கோர்ண், சனத்தின் கதை எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு கேட்க வேண்டும். ஆர்எம்எஸ் பார்த்து வாங்கினால் கடைசி சீற்றுக்குக் கேட்காது. என் அனுபவத்தில் பெரிய அம்ப்தான் பாதுகாப்பு. முந்தி ஒரு சின்ன அம்ப் வைத்திருந்தேன், ட்வீட்டர் எல்லாம் வரிசையாகப் போனது. பெரிய அம்ப் போட்ட பிறகு ஒன்றும் போகவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சோல்டர் அண்ணை

பஸ்காரத் தம்பி சொன்னது நடந்திருக்கும், நான் மறுக்கவில்லை. காரணம்தான் வேறு.

ஸ்பீக்கர் இரண்டே வழியில்தான் சாகும். ஒன்று சூடு. சுருள் கருகிப்போயிருக்கும், கழற்றும்போதே மணக்கும். மற்றது அசைவு. கூம்பு தன் எல்லைக்கு மேலே ஓடி, சுருள் பின்தட்டில் அடிபட்டு நசிந்திருக்கும், அல்லது மஞ்சள் துணி கிழிந்திருக்கும், அல்லது கூம்புக்கு வரும் பின்னல் வயர் அறுந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் எந்த வழி என்று தெரிந்துவிடும். வாட்ஸ் குறைவாகக் கிடைத்ததால் செத்த ஸ்பீக்கரை நான் கண்டதில்லை. அப்படி என்றால் வொலியூமைக் குறைத்துக் கேட்கிற எல்லாருடைய ஸ்பீக்கரும் செத்திருக்க வேண்டுமே.

அறிவியல்நகர் மாணவி

அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 30 வாட்ஸ் அம்பை எவ்வளவு மோசமாக முறுக்கினாலும், அலை முழுச் சதுரமாகிவிட்டாலும், வெளியே வரக்கூடியது அதன் இரண்டு மடங்கு, 60 வாட்ஸ். 60 வாட்ஸ் ஆர்எம்எஸ் வூபர் அதைத் தாங்கும்.

ட்வீட்டரின் கதை வேறு. பாட்டின் வலுவில் பெரும்பகுதி கீழ்ச் சுருதியில்தான் இருக்கிறது. ட்வீட்டருக்குச் சில வாட்ஸ் மட்டுமே போகும், அதன் சுருளும் முடி மாதிரி மெல்லியது. பெட்டியில் "ட்வீட்டர் 100 வாட்ஸ்" என்று போடுவது, முன்னால் கீழ்ச் சுருதியைத் தடுக்கும் குறொஸ்ஓவர் இருக்க, மொத்தப் பாட்டுக்கும் அம்ப் கொடுக்கும் வலுவைத்தான். ட்வீட்டர் தனியாக 100 வாட்ஸ் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது சின்ன அம்பை முறுக்குகிறோம். பேஸ் முதலில் எல்லையில் முட்டி நின்றுவிடும். மேல் சுருதி இன்னும் முட்டவில்லை, ஆகவே அது மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட பேஸில் இருந்தும் புதிய மேல் சுருதிகள் பிறக்கும். எல்லாம் சேர்ந்து ட்வீட்டருக்குப் போகும் சராசரி வலு பல மடங்காகிவிடும். அண்ணாவின் பஸ்ஸில் ட்வீட்டர் போனது இதனால்தான். அம்ப் சின்னது என்பது குற்றமில்லை. அதற்கு இயலாத சத்தத்தை அதனிடம் கேட்டதுதான்.

பருத்தித்துறை றூட்

நீங்கள் சொல்வதும் நான் சொல்வதும் கடைசியில் ஒன்றுதானே. எனக்குச் சத்தம் வேண்டும், சின்ன அம்பால் முடியாது, ஆகவே பெரிய அம்ப்.

சோல்டர் அண்ணை

உங்களுக்குச் சரி. ஸ்ரிங்கிரேத் தம்பிக்கு உங்கள் சத்தம் தேவையா என்பதுதான் கேள்வி.

சுன்னாகம் ஸ்காபரோ

ஊரில் இருந்தபோது கசற் பிளேயரோடு வாழ்ந்தவன், இப்போது ஸ்காபரோவில் வேலைக்குப் போய்வரும் தூரம் முழுக்கப் பாட்டுத்தான். இங்கே அம்ப் பெட்டியில் சிரிஏ-2006 என்று ஒரு முத்திரை இருக்கும். 2003இல் வந்த அமெரிக்கத் தரம் அது, அந்த நேரம் சிஈஏ-2006 என்று பெயர். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், சிதைவும் இரைச்சலும் சேர்த்து 1 வீதத்துக்கு மேல் போகாமல் எவ்வளவு வலு கொடுக்கிறது என்று அளந்து போட வேண்டும். அந்த முத்திரை இருந்தால் இரண்டு கொம்பனிகளின் எண்ணை அருகருகே வைத்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் கடைகளில் வரும் எல்லாப் பெட்டியிலும் அது இருக்காதுதான். இல்லாத பெட்டி எல்லாம் பொய் என்றும் இல்லை. ஆனால் எந்த வோல்ட்டில், எத்தனை ஓமில், எத்தனை வீதச் சிதைவில் என்று ஒன்றுமே சொல்லாத வாட்ஸை நான் எண்ணாகவே எடுப்பதில்லை.

இன்னொன்று. எல்லோரும் வாட்ஸைப் பற்றியே கதைக்கிறீர்கள், தம்பி எழுதிய 89 டெசிபலை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முதல் எண். 1 வாட்ஸ் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளந்தால் அவ்வளவு சத்தம் என்று பொருள். வலுவை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். அது காதுக்குத் தெரியும், ஆனால் "அடேயப்பா" என்று சொல்ல வைக்காது. இரண்டு மடங்கு சத்தம் என்று மனிசனுக்குத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு வலு பத்து மடங்கு. 86 டெசிபல் ஸ்பீக்கரைக் கழற்றி 92 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், 25 வாட்ஸ் அம்ப் 100 வாட்ஸ் அம்பின் வேலையைச் செய்யும்.

அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சில பெட்டிகளில் "1 வாட்ஸ்" என்று இல்லாமல் "2.83 வோல்ட்" என்று இருக்கும். 8 ஓமில் அது 1 வாட்ஸ், 4 ஓமில் 2 வாட்ஸ். கார் ஸ்பீக்கர் 4 ஓம். ஆகவே அந்த எண்ணில் இருந்து 3ஐக் கழித்துவிட்டுத்தான் மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

கொக்குவில் ஸ்ரிங்கிரே

நன்றி அண்ணைமார், தங்கச்சி. அப்போ என் கணக்கைச் சரிபாருங்கள். செற்றில் இருந்து நல்ல சத்தமாக வருவது 15 வாட்ஸ். 60 வாட்ஸ் அம்ப் போட்டால் நாலு மடங்கு, 6 டெசிபல் கூடும். 120 வாட்ஸ் போட்டால் இன்னும் 3. அதாவது 60இல் இருந்து 120க்குப் போகக் காசு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள், கிடைப்பது 3 டெசிபல்தான். சரியா?

எனக்குப் பாவித்த யப்பான் அம்ப் ஒன்றும் ஒரு இடத்தில் வந்திருக்கிறது, 4 × 50 ஆர்எம்எஸ். புதிதாக 4 × 75 டி வகை ஒன்றும் இருக்கிறது. எது?

சோல்டர் அண்ணை

கணக்குச் சரி. 50, 60, 75 என்பதற்குள் காது பிரித்துச் சொல்லாது. 50இல் இருந்து 75க்கு 2 டெசிபல் கூட வராது. இவ்வளவு கதைத்ததில் பெறுமதியானது இது ஒன்றுதான். அம்ப் ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் அளவுக்குக் கிட்ட இருந்தால் போதும், அதற்குள் ஒரு வாட்ஸ் இரண்டு வாட்ஸுக்காக அடிபட வேண்டாம். முக்கால்வாசியில் இருந்து ஒன்றரை மடங்கு வரைக்கும் எதுவும் நல்லதே.

இணுவில் ரசிகன்

கொஞ்சம் பொறுங்கள் அண்ணை, அந்த மேல் பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நான் வாகனத்தில் கேட்பது பெரும்பாலும் தவில், நாதஸ்வரம். கோயில் திருவிழாக்களில் பதிந்தவை, பழைய கசற்றில் இருந்து மாற்றியவை, தவில் மேதை தெட்சணாமூர்த்தி காலத்துத் தனி ஆவர்த்தனங்களும் இருக்கின்றன. இப்போது வரும் சினிமாப் பாட்டு ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை ஒரே மட்டத்தில் அமுக்கி வைத்திருக்கும். சராசரிக்கும் உச்சத்துக்கும் 8, 10 டெசிபல்தான் வித்தியாசம். நேரே பதிந்த தவிலில் அது 20 டெசிபல் வரை போகும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு. சராசரியாக ஒரு வாட்ஸில் கேட்டுக்கொண்டிருந்தாலும், தவிலின் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியில் குச்சி விழுகிற அந்தக் கணத்தில் அம்ப் 100 வாட்ஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடி மொட்டையாகிவிடும். விரலால் வாசிக்கும் பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரலின் சொல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாகனத்தில் தவில் தகரம் மாதிரிக் கேட்கிறது என்று பலர் குறைப்படுவது இதைத்தான்.

அந்தக் கணத்துச் சூடு சுருளை ஒன்றும் செய்யாது. ஆகவே 60 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் சுத்தமான அம்ப் போடுகிறவனை நான் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன். வொலியூம் பிடிக்கிற கை மட்டும் நிதானமாக இருக்க வேண்டும்.

அறிவியல்நகர் மாணவி

இதை ஏற்றுக்கொள்கிறேன். கரகரக்காமல் கேட்கிற பழக்கம் இருப்பவருக்குப் பெரிய அம்ப் நல்லது. முறுக்குகிற பழக்கம் இருப்பவருக்குச் சின்னதும் ஆபத்து, பெரியது அதைவிட ஆபத்து.

சோல்டர் அண்ணை

ரசிகன் ஐயாவுக்கு மறுப்பில்லை. ஆனால் ஸ்பீக்கரை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால் வாகனத்தை மறந்துவிடுவோம்.

தம்பியின் ஸ்ரிங்கிரேயில் மின்சாரம் எப்போதும் 14.4இல் நிற்பதில்லை. இந்த ஹைபிரிட் வண்டிகள் பிறேக் பிடிக்கும்போதும் காலை எடுக்கும்போதும்தான் நன்றாகச் சார்ஜ் செய்யும். நேரே ஓடும்போது வோல்ட் இறங்கி நிற்கும். வோல்ட் 14.4இல் இருந்து 12.6க்கு இறங்கினால், உள்ளே வோல்ட்டை நிலையாகப் பிடிக்காத அம்புகளில் வலு கால்வாசிக்குக் கிட்டக் குறையும். காதுக்கு 1 டெசிபல் சொச்சம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கெயினை (செற்றின் வோல்ட்டை அம்போடு பொருத்தும் திருகியை) விளிம்பில் வைத்திருந்தால் அந்த நேரம் அலை வெட்டுப்படும்.

அடுத்தது இடம். இந்த வண்டியில் முன் பயணி சீற்றுக்குக் கீழே லித்தியம் பற்றரி இருக்கிறது. சீற்றுக்குக் கீழே அம்ப் வைக்கும் வழக்கத்தில் அங்கே கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். அதற்குக் காற்று வேண்டும். சாரதி சீற்றுக்குக் கீழே, அல்லது பின்னுக்கு. சித்திரை வெயிலில் கண்ணாடி பூட்டி நிறுத்திவிட்டு வந்து பாட்டுப் போடுகிற ஊர் இது. ஏபி வகை அம்பைக் கம்பளத்துக்குள் புதைத்தால் சூட்டில் தானாக நின்றுவிடும்.

அதனால் என் தெரிவு 4 × 75 டி வகை. நாலு சனலுக்கும் 60 வாட்ஸ் எடுத்தால் 240. டி வகையில் உள்ளே போவதில் 80 வீதம் ஸ்பீக்கருக்கு வரும் என்று வைத்தால் உள்ளே 300 வாட்ஸ், 22 அம்பியர். பாட்டில் அது சராசரியாக மூன்றில் ஒன்று கூட வராது. பாவித்த யப்பான் அம்ப் ஏபி வகை என்றால் சூடும் இழுவையும் கூட. சத்தம் இனிமையாக இருக்கலாம், அது வேறு கதை. பழையதில் கப்பாசிட்டர் வீங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வாங்க வேண்டாம்.

மொறிஸ் மைனர்காரர்

பிள்ளைகள், இடையில் புகுவதற்கு மன்னிக்க வேண்டும். என்னிடம் மொறிஸ் மைனர் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அதே வண்டி, இப்போது பெற்றோலில் ஒழுங்காக ஓடுகிறது. டைனமோ மாற்றவில்லை, எல்லாம் அசல். பேரன் ஒரு புளுரூத் அம்பும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வந்து பூட்டச் சொல்லி நிற்கிறான். 2 × 100 வாட்ஸாம். பூட்டலாமா?

சோல்டர் அண்ணை

ஐயா, முதலில் பொனற்றைத் திறந்து பற்றரியின் எந்தத் தலை வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். அசலாக இருந்தால் நேர்த் தலை (+) பொடியில் இருக்கும். இன்றைய அம்ப், செற் எல்லாம் மறைத் தலை (−) பொடியில் இருக்கிற வண்டிக்குச் செய்தவை. அவற்றின் உலோகப் பெட்டியும் அன்ரெனா வயரின் உறையும் மறைத் தலையோடு இணைந்திருக்கும். அப்படியே பூட்டினால் பேரன் பாட்டுக் கேட்க முன்னரே புகை வரும். தலையை மாற்றிவிடலாம், பெரிய வேலை இல்லை. பற்றரித் தலைகளை மாற்றி, இக்னிஷன் கொயிலின் வயர் இரண்டையும் மாற்றி, டைனமோவின் பீல்டுக்கு ஒரு கணம் மின்சாரம் தொட்டுக்காட்ட வேண்டும். பழைய வண்டி தெரிந்த ஒருவரை வைத்துச் செய்யுங்கள்.

அறிவியல்நகர் மாணவி

தாத்தா, லூக்காஸ் டைனமோ என்றால் நல்ல நிலையில் 19 அல்லது 22 அம்பியர்தான், அதுவும் வேகத்தில். மெதுவாக ஓடும்போதும் நிற்கும்போதும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரவில் ஹெட்லைற்றும் வைப்பரும் போட்டால் மீதி கொஞ்சம்தான். ஆனால் கவலை வேண்டாம். மைனருக்குள் 92 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு சோடியும் நல்ல 10 வாட்ஸும் இருந்தால் 102 டெசிபல் வருகிறது. அதற்கு மேல் போனால் உங்களுக்கும் பேரனுக்கும் காதுதான் போகும். அந்த 2 × 100 என்பது எப்படியும் 2 × 15 ஆக இருக்கும், பூட்டுங்கள்.

மொறிஸ் மைனர்காரர்

நேர்த் தலைதான் பொடியில் இருக்கிறது பிள்ளை. நல்ல காலம் கேட்டேன். பேரனிடம் சொல்கிறேன், முதலில் தலை மாற்றம், பிறகு பாட்டு.

பருத்தித்துறை றூட்

இப்போது என் பஸ்ஸுக்கு வருவோம். சோல்டர் அண்ணை, 24 வோல்ட் வண்டி. இரண்டு பற்றரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து அம்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பற்றரி மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது. பற்றரிக்காரன் வண்டியைக் குறை சொல்கிறான்.

சோல்டர் அண்ணை

வண்டியில் குறையில்லை, எடுத்த விதத்தில்தான். தொடராக இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் அம்பைத் தூக்குகிறது. சார்ஜ் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வரும். அம்ப் தூக்குகிற பற்றரி எப்போதும் குறைச் சார்ஜில் கிடக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகிக் கொதிக்கும். கடைசியில் இரண்டுமே போய்விடும். 24இல் இருந்து 12க்கு இறக்கும் கொன்வேட்டர் போடுங்கள், அம்ப் உண்மையில் இழுக்கும் அம்பியருக்குக் கொஞ்சம் மேலே.

பெரிய அம்பை விட்டுவிட்டு, கோயில் ஒலிபெருக்கிக்காரர் பாவிக்கும் வகை ஸ்பீக்கரைப் பாருங்கள். 97, 98 டெசிபல் வருவது. உங்களிடம் இருப்பது 88 என்றால், அம்பில் கைவைக்காமலே வலுவைப் பத்து மடங்காக்கியதற்குச் சமம். கடைசி சீற்றுக்கும் கேட்கும்.

அறிவியல்நகர் மாணவி

அண்ணா, உங்களுக்கே ஒன்று. நாளுக்கு 8 மணித்தியாலம் கேட்கக்கூடிய எல்லை என்று அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்வது 85 டெசிபல். 3 டெசிபல் கூட, நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம், 100இல் கால் மணித்தியாலம். பயணி பருத்தித்துறையில் இறங்கிவிடுவார். நீங்கள் அதே சத்தத்தோடு திரும்பி வருகிறீர்கள்.

பருத்தித்துறை றூட்

கொன்வேட்டர் போடுகிறேன். சத்தத்தைப் பற்றி வீட்டிலும் இதே கதைதான்.

கொக்குவில் ஸ்ரிங்கிரே

4 × 75 டி வகை எடுத்துவிட்டேன். மிச்சக் காசில் வயரும், கதவுக்கு ஒட்டும் பியூட்டில் தகடும். கடையில் தந்த வயர் பெட்டியைக் காட்டியபோது ஒரு நண்பர் அது அலுமினியத்தில் செம்பு பூசியது என்றார். பரவாயில்லையா? கெயினை எங்கே வைப்பது?

சோல்டர் அண்ணை

அலுமினிய வயரும் வேலை செய்யும், ஆனால் அதே கனத்தில் தடை கூட. 8ஆம் இலக்கச் செம்புக்குப் பதிலாக அது என்றால் குறைந்தது 6 எடுங்கள் (இலக்கம் குறையக் குறைய வயர் தடிப்பு). உப்புக் காற்றில் அதன் முனை கெதியாகக் கெடும் என்பதால் பண்ணை, வேலணைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு நான் செம்பைத்தான் சொல்வேன். பியூஸ் பற்றரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அந்தப் பியூஸ் அம்புக்காக இல்லை, வயருக்காக. வழியில் எங்காவது வயர் உரசிப் பொடியில் தொட்டால் வண்டி எரியாமல் காப்பது அதுதான்.

கதவுத் தகட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடினால், கூம்பின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒன்றையொன்று தின்பது குறையும். கீழ் பேஸில் வரும் வித்தியாசம் இரண்டு மடங்கு வாட்ஸ் போட்டாலும் வராது.

அறிவியல்நகர் மாணவி

கெயினுக்கு மல்ரிமீற்றர் போதும். வலுவை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். 60 வாட்ஸ், 4 ஓம் என்றால் 15.5 வோல்ட். பின் சோடிக்கு 40 வாட்ஸ், 12.6 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றுங்கள். ஈக்குவலைசர், பேஸ் பூஸ்ட், பில்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். செற்றை முழு வொலியூமின் முக்கால்வாசியில் வைத்து ஒரு சோதனைச் சுருதியைப் போட்டு, மீற்றரை ஏசி வோல்ட்டில் வைத்து, அந்த எண் வரும்வரை கெயினைக் கூட்டுங்கள். மலிவு மீற்றர்கள் 50 ஹேர்ட்ஸுக்குச் செய்தவை, 1000 ஹேர்ட்ஸில் பிழை காட்டலாம். ஆகவே 100 ஹேர்ட்ஸ் சுருதி எடுங்கள். முடிந்ததும், கீழ்ச் சுருதியை வெட்டும் ஹைபாஸ் பில்டரை 80 ஹேர்ட்ஸில் போடுங்கள். ஒரே சத்தத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் கூம்பு நாலு மடங்கு அசைய வேண்டியிருக்கும். கதவு ஸ்பீக்கர் சாவது பெரும்பாலும் அங்கேதான்.

கெயின் என்பது வொலியூம் இல்லை. செற்றில் இருந்து வரும் சின்ன வோல்ட்டை அம்பின் முழு வலுவோடு பொருத்தும் இடம் அது. கெயினைக் குறைத்ததால் 75 வாட்ஸ் அம்ப் 60 வாட்ஸ் அம்பாக மாறிவிடாது. வொலியூமை முக்காலுக்கு மேலே தள்ளினால் திரும்ப அந்த 75ஐத் தொடும்.

இணுவில் ரசிகன்

பழைய பதிவுகள் கேட்கிறவர்கள் முழு மட்டச் சுருதிக்குப் பதிலாக 5 டெசிபல் குறைந்த சுருதியை எடுத்து வையுங்கள். அந்தக் காலத்துப் பதிவு மட்டம் தாழ்வானது. முழு மட்டத்தில் கெயின் வைத்தால் தவில் கேட்கச் செற்றைக் கடைசி வரை திருப்ப வேண்டியிருக்கும். ஆனால் அதன் பிறகு புதுப் பாட்டுப் போடும்போது கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கொக்குவில் ஸ்ரிங்கிரே

பூட்டியாயிற்று. முன்னுக்கு 15.5, பின்னுக்கு 12.6. கரகரப்பு இல்லை, பழைய இடத்தில் வொலியூமை வைத்தால் வண்டிக்குள் இருக்க முடியவில்லை. ஒரு சின்னக் குறை மட்டும். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ட்வீட்டரில் "ஊ..." என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது. பாட்டை நிறுத்தினாலும் கேட்கிறது.

சோல்டர் அண்ணை

பூமி வயரை எங்கே பூட்டினீர்கள்? சீற் கம்பியின் ஆணியில், பெயின்றுக்கு மேலே பூட்டியிருந்தால் அதைக் கழற்றுங்கள். பொடியில் வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, வயரை முழத்துக்குள் கட்டையாக வெட்டி, பல்லு வொஷரோடு முறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். அதோடு செற்றில் இருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரும் பற்றரி வயரும் ஒரே பக்கத்தால் போகிறதா என்று பாருங்கள். போனால் ஒன்றை மற்றப் பக்கக் கதவடியால் மாற்றுங்கள். முதலில் பூமி, அதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

கொக்குவில் ஸ்ரிங்கிரே

பெயின்றுக்கு மேலேதான் பூட்டியிருக்கிறது. சனிக்கிழமை கழற்றிச் சுரண்டிவிட்டு எழுதுகிறேன்.